வலேரியுவின் தாத்தாவும் என் வயிற்றெரிச்சலும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். என் பள்ளித்தோழன் வலேரியு தன் தாத்தா டிமோஃப்தேயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினான். ஏழு பதிப்புகள் போய்விட்டன. என் நாவல்கள் மூன்றும் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “சிரெத் ஆற்றின் மேல் பனி மூடிய ஒரு காலையில், வரலாறு தன்...” வேண்டாம். இந்த ஊரில் வரலாற்றுக்கு வக்காலத்து வாங்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2

டிமோஃப்தே போருக்கு முன் பச்சைச் சட்டைக்காரர். யூதர்களை விரட்டு என்று ருமேனியா முழுக்கத் தெருத்தெருவாகக் கத்திய கூட்டம் அது. பிறகு கம்யூனிஸ்டுகள் அவரைச் சிறையில் போட்டு, பட்டினி போட்டு, அங்கேயே சாகவிட்டார்கள். இரண்டும் உண்மை. வலேரியுவின் புத்தகத்தில் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து அவனுடைய கட்சி அவரைப் புனிதராக்கிவிட்டது. தேசத்தை அந்நியர்களிடமிருந்து மீட்கப் போகிற கட்சி. வருகிற தேர்தலில் வலேரியுதான் வேட்பாளர்.

(என் தாத்தா ரொட்டி வண்டி ஓட்டினார். எந்த ஆட்சியும் அவரை ஓர் அறைகூட அறையவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. இதை எங்கே எழுதுவதென்று தெரியாமல் அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.)

ஒருநாள் மதுக்கடையில் வலேரியு என் முதுகில் தட்டினான்.

“டேய் டினு, நீயும் உங்க தாத்தாவப் பத்தி எழுதேன்டா. ‘ரொட்டி ஆறிப்போச்சு’ன்னு தலைப்பு வை!”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ஸ்மரந்தாவும் சிரித்தாள். கதையில் அவள் சிரிக்காத மாதிரி மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

3

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் வேறெதையோ தேடும்போது கிடைத்த நகல். கடைவீதியில் கடை வைத்திருந்த யூதக் கடிகாரக்காரரை இழுத்துப்போன மறுநாளே, அந்தக் கடையை டிமோஃப்தே தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பத்திரம்.

முடிவு அ: டிமோஃப்தேயின் நினைவுநாள் பூசையில் நான் எழுந்து அதை உரக்க வாசிக்கிறேன். வலேரியுவின் முகம் வெளிறுகிறது. ஸ்மரந்தா ஓடிவந்து என் கையை

(முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

நடந்தது வேறு. இன்று காலை ஸ்மரந்தா அதே பூசைக்குக் கோலிவா செய்துகொண்டிருந்தாள். வேகவைத்த கோதுமையில் வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுவது. பாதிரியார் வாசிக்க வேண்டிய இறந்தோர் பெயர்ப்பட்டியலையும் அவள்தான் எழுதியிருந்தாள். வலேரியு கேட்டானாம். நான் தாளை அவள்முன் போட்டேன்.

இரண்டு முறை படித்தாள்.

“இது எப்போ கிடைச்சுது?”

“நாலு வருஷம் இருக்கும்.”

“நாலு வருஷமா வாயத் தெறக்கலையா?”

“அப்போ அவன் வெறும் வலேரியுதானே.”

“இப்போ பெரிய ஆளாயிட்டான், உனக்குப் பொறுக்கல.” கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி, அந்தக் கடிகாரக்காரர் பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளில் நான் டிமோஃப்தேயின் கையெழுத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

“நீயும் அவனும் ஒண்ணுதான்யா. அவனுக்கு அவன் தாத்தா வேணும், உனக்கு அவன் வேணும். அந்த மனுஷன் யாருக்குமே வேணாம்.”

தாளில் தேடி, பேனாவை எடுத்து, பட்டியலில் டிமோஃப்தேக்குக் கீழே ஒரு பெயர் எழுதினாள்: லெய்பு.*

“ஐயோ, பாதிரியார் இத வாசிக்க மாட்டாரு.”

“அவரு வாசிக்கலன்னா நான் வாசிக்கிறேன்.”

கோலிவாத் தட்டையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

* ஞானஸ்நானம் பெறாதவர் பெயர் அந்தப் பட்டியலில் வரக் கூடாது. அவளுக்கும் தெரியும்.

4

நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முப்பது வருடமாக எழுதுகிறேன், அவள் பட்டியலில் எழுதிய மாதிரி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. வலேரியுவின்மேல் இருந்த பொறாமை முழுவதும் இப்போது அவள்மேல் திரும்பிவிட்டது. சொல்ல நன்றாக இல்லை, ஆனால் அதுதான் உண்மை.

தேவாலய மணி அடித்து ஓய்ந்துவிட்டது. பாதிரியார் பட்டியலைக் கையில் எடுத்திருப்பார். உள்ளே இருநூறு பேர், அத்தனையும் வலேரியுவின் ஆட்கள். அவள் தனியாக நிற்கிறாள். இங்கிருந்து ஓடினால் ஐந்து நிமிடம். ஓடலாம், அல்லது இங்கேயே உட்கார்ந்து இதற்கொரு நல்ல முடிவு எழுதலாம். அங்கே என்ன நடக்கிறது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் போகவில்லை என்று அர்த்தம்.