மந்தா கொண்டுவந்த பாக்ரி

வாசல் கழுவிய ஈரம் காயுமுன் மந்தா வந்து நின்றாள். கையில் துணி மூடிய தட்டு. துடைப்பத்தோடு நின்ற பார்கவி வழிவிடவில்லை.

மராட்டியர் பேட்டையான போபோடியில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. தகனம் முடிந்து திரும்பியவர்களுக்கு அக்கம்பக்கத்தார்தான் பாக்ரி என்கிற சோள ரொட்டியும், கடலைமாவைக் கரைத்துக் கிண்டிய பிட்லாவும் கொண்டுவருவார்கள். இந்தக் கட்டடத்தில் இருபது வருஷமாக அதைச் செய்கிறவள் கீழ்வீட்டு மந்தா. ஐந்து நாள் முன்பு, ஸ்கூட்டர் நிறுத்துகிற தகராறில் பார்கவியின் அப்பா பரமசிவத்தைப் பிடித்துத் தள்ளியவன் அவள் மகன் நிதின். படி விளிம்பில் தலை மோதியது. நேற்று ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது; இன்று தகனம் முடிந்தது. நிதின் லாக்கப்பில் இருந்தான்.

"யாருட்டீ?" என்றாள் உள்ளேயிருந்து அம்மா சாவித்ரி.

"யாருமில்ல."

"நான்தான், வஹினி," என்றாள் மந்தா மராட்டியில், எப்போதும்போல அண்ணி முறை வைத்து.

அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை பார்த்த காசிம் மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். "வேண்டாம் சாவித்ரி. அவ கையால வாங்கித் தின்னா, சமாதானமாப் போயாச்சுன்னு வக்கீல் பேசுவான்."

"வெஷம் வச்சுக் கொண்டாந்திருப்பா," என்றாள் பார்கவி.

இருபது வருஷத்தில் மந்தாவுக்கு அந்த அளவு தமிழ் வந்திருந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாலு நாள் விடாமல் விளக்கேற்றியவள், நேற்று சாமி அலமாரியைச் சாத்தியதோடு சரி.

"மந்தா, நாளைக்கு ஸ்டேஷன்ல வாக்குமூலம். அவன் தள்ளினதை என் கண்ணால பாத்தேன். அதைத்தான் சொல்லுவேன்," என்றாள், தனக்குத் தெரிந்த மராட்டியில்.

"சொல்லுங்க, வஹினி." மந்தா துணியை விலக்கினாள். "சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லுங்க."

காசிம் மாமா தலையைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா நிலைப்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்தாள். மந்தா வெளியே உட்கார்ந்தாள். தட்டு நடுவில் இருந்தது.

"உன் வீட்டுல எப்ப அடுப்பு மூட்டுன?"

"இன்னைக்குத்தான். இதுக்காக."

அம்மா பாக்ரியைப் பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். பிறகு இன்னொரு துண்டைப் பிட்டு மந்தாவிடம் நீட்டினாள். மந்தாவுக்கு அது தொண்டையில் அடைத்துக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள்.

பார்கவி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தாள். பிறகு குனிந்து, மந்தாவுக்கு எட்டும்படி கொஞ்சம் நகர்த்தினாள்.