இரண்டு தட்டு

முதல் மணி அடித்தாயிற்று. இரண்டாம் மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் புதிய போதகர் அங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சபைக்குப் போதகராக வந்த முதல் பெண். ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடும். அவளை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்பது அங்கே முடிவாகும்.

"பீடத்துல ரெண்டு தட்டு தட்டிருங்கம்மா," என்றார் கமிட்டிச் செயலாளர். "பழைய போதகர் ஐயா மோதிரம் போட்ட விரலால தட்டுவாரு. அப்பதான் சனம் உக்காரும்."

"அவர்தான் தவறிட்டாரே. நான் வாயால சொல்றேன்."

"வாயால சொன்னா என் வீட்டுக்காரியே கேக்க மாட்டா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவள் பீடமேறியதும் சபை எழுந்தது. ஜெபித்து முடித்து, "உட்காருங்கள்" என்றாள். ஒருவரும் உட்காரவில்லை. மைக் அணைந்துவிட்டதோ என்று பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி சொன்னாள். குரல் கூரைவரை போய்த் திரும்பியது. முகங்களில் கோபமில்லை, பிடிவாதமில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். முதல் வரிசையில் ஒரு முதியவருக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியது. மகன் அவரைத் தாங்கிப் பிடித்தான், உட்கார வைக்கவில்லை. செயலாளர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்றதாகவே இருக்கட்டும் என்று விரலை மடக்கிக் கையை ஓங்கினாள்.

டொக். டொக்.

மரத்தில் மோதிரம் படும் சத்தம். சபை உட்கார்ந்தது. பெஞ்சுகள் முனகின. ஒரு குழந்தை தும்மியது. அவள் கை பீடத்துக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. அதில் மோதிரம் இல்லை.

என்ன பிரசங்கித்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

கமிட்டி சீக்கிரமே கலைந்தது. செயலாளர் வெஸ்ட்ரிக்குள் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் ஒரே மனசா ஒத்துக்கிட்டாங்க. இனி நீங்கதான் எங்க போதகர். அந்தத் தட்டு இருக்கே, அப்படியே ஐயா கைதான்."

தட்டியது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"ஸ்தோத்திரம்," என்றாள்.

"டீ வருது. உக்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் முழங்கால் மடங்கவில்லை. ஆலயத்துக்குள் போகும் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கமே காதை வைத்து நின்றாள்.

செயலாளர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"உக்காருங்கம்மா. யாருக்காக நிக்கிறீங்க?"