குளியலறையில் வேட்பாளர்

வேட்பாளரைக் குளியலறைக்குள் வைத்துத் தாழ் போட்டது நான்தான். அதில் எனக்குத் துளிகூட வெட்கம் கிடையாது. அன்று எங்கள் வீட்டில் இருந்த யாரைக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள்.

அந்த வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். இன்னொருத்தி கணக்கு எழுதுகிறவள். தன் கைவிரல்களைக்கூட இரண்டு முறை எண்ணிப் பார்த்துத்தான் நம்புவாள். மூன்றாமவள் பஸ் ஓட்டுகிறாள். தெருவுக்கே அவள் டிரைவரக்கா, எனக்கு மட்டும் 'ஏய்'.

விடியற்காலையில் எங்கள் பகுதிக்கு வரும் முதல் பஸ்ஸை நகரசபை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற பெண்கள் இருட்டில் நடந்தே வேலைக்குப் போனார்கள். எங்கள் டிரைவரக்கா நகரசபைக் கூட்டத்துக்குப் போய் ஏன் என்று கேட்டாள். "அவ்வளவு அக்கறை இருந்தா தேர்தல்ல நின்னு ஜெயிச்சிட்டு வாங்களேன்" என்று எங்கள் வார்டு உறுப்பினர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் நச்சரித்து நச்சரித்து அந்த உறுப்பினருக்கு எதிராக அவளை நிற்க வைத்துவிட்டேன்.

ஓட்டு எண்ணிக்கை தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலமே தொடங்கிவிட்டது. கணக்குக்காரி ஏஜென்டாக உள்ளே போனாள். ஒவ்வொரு பெட்டியும் எண்ணி முடிந்ததும் அவள் போனில் சொல்வதாக ஏற்பாடு. எங்கள் ஹாலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கீழே கடை வைத்திருக்கும் சலூன்காரர், அவர் மனைவி, பஸ் டிப்போவிலிருந்து வேட்பாளரோடு வேலை செய்கிறவர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள்.

முதல் பெட்டியில் அவள் பின்தங்கியிருந்தாள். "முகம் கழுவிட்டு வரேன்" என்று எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

இரண்டாவது பெட்டிக்கு போன் வந்தது. "முன்னால வந்துட்டா!" என்று கணக்குக்காரி கத்தினாள். வீடு அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கும் மேலே சலூன்காரரின் குரல் எழுந்தது.

"யாரும் அசையாதீங்க! அவங்கவங்க எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க!"

இது எங்கள் வீட்டுச் சட்டம். டிவியில் ஆட்டம் பார்க்கும்போது, நம் ஆள் அடித்த நேரத்தில் யார் எங்கே இருந்தாரோ, அவர் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். பாதி முகம் மழித்த ஆளை ஆட்டம் முடியும்வரை நாற்காலியிலேயே உட்கார வைத்தவர் எங்கள் சலூன்காரர். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவர் மனைவி டீத் தட்டை ஏந்தியபடியே நின்றாள். கீழே விழுந்த பிஸ்கட்டை எடுக்கக் குனிந்த டிப்போக்காரர் குனிந்தே இருந்தார். நான் குளியலறை வாசலில் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. "எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டபடி அவள் கதவைத் திறக்க வந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டென்று வெளித் தாழைப் போட்டுவிட்டேன்.

"நீ ஜெயிச்சிட்டு இருக்க. உள்ளேயே இரு!"

"ஏய், வெளையாடாத. தொறடி."

"மூச்சு விடாத! தொறந்தா எல்லாம் போச்சு!"

மூன்றாவது பெட்டியிலும் முன்னிலை. நான்காவதிலும் அப்படித்தான். நின்ற இடத்திலேயே விசிலடித்தார்கள், சுவரில் தாளம் போட்டார்கள். குனிந்திருந்தவர் குனிந்தபடியே ஆடினார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கதவில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். உள்ளேயிருந்துதான் ஒரு சத்தமும் வரவில்லை.

கடைசிப் பெட்டிக்கு வந்த போனில் கணக்குக்காரியின் குரல் இறங்கியிருந்தது. "மூணு ஓட்டுல பின்னால போயிட்டா."

ஹாலில் "ஐயோ" என்று ஒரே சத்தம்.

"இருங்க, இன்னும் முடியல" என்றாள் அவள். "அந்த உறுப்பினரோட கட்டுல ஒண்ணு மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. திரும்ப எண்ணச் சொல்லலாம். ஆனா வேட்பாளரே நேர்ல வந்து கேக்கணுமாம், அதிகாரி கையெழுத்துப் போடறதுக்குள்ள. நான் ஏதாவது பேசி இழுத்துட்டு இருக்கேன். அவள உடனே கூட்டிட்டு வாங்க!"

தாழை இழுத்தேன். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தேன். குனிந்திருந்தவர் நிமிர்ந்து ஓடிவந்து அவரும் இடித்தார். "தாழ் எங்கயோ மாட்டிக்கிச்சு, சுத்தியல் கொண்டாங்க" என்றார் சலூன்காரர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளித் தாழ் விலகித்தான் இருந்தது.

"ஏய், உள்ள தாழ் போட்டிருக்கியா?"

"ஆமா."

"எப்போ போட்ட?"

"மூணாவது பெட்டியிலயும் முன்னாலன்னு விசிலடிச்சீங்கல்ல, அப்பவே." குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. "விட்டுடுடி. மூணு ஓட்டுதானே, தோத்ததாவே இருக்கட்டும். எனக்கு பஸ் ஓட்டத் தெரியும், ஓட்டிட்டுப் போறேன். அங்க போய் உக்காந்து நான் என்ன பேசுவேன்? வாயத் தொறந்தாலே குரல் நடுங்குது. திரும்பவும் சிரிப்பாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவளுக்காக நான் ஏறி இறங்காத மாடிப்படி இல்லை. கையெடுத்துக் கும்பிடாத ஆள் இல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். உள்ளே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நடுங்கட்டுமேடி" என்றேன். "அன்னிக்கும்தான் நடுங்குச்சு. நடுங்கிக்கிட்டே கேட்டல்ல? அவ்வளவு பெரிய கூட்டத்துல எழுந்து நின்னது நீ ஒருத்திதான். பின் வரிசையில உக்காந்து பார்த்துட்டு இருந்தேன். இவ என்னோட வீட்டுல இருக்கறவன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும்போல அவ்வளவு பெருமையா இருந்துச்சு. நீ தோத்தாலும் எனக்கு அந்தப் பெருமை போகாது. ஆனா கேக்காம மட்டும் தோக்காதடி."

உள்ளே தாழ் விலகியது. முகம் கழுவி ஈரமாக வந்து நின்றாள். "செருப்பு எங்க?" என்றாள்.

செருப்பைத் தேட நேரமில்லை. ஹாலில் இருந்த மொத்தப் பேரும் அவள் பின்னால் தெருவில் ஓடினோம். என்ன ஏதென்று தெரியாமல் வாசலில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கணக்குக்காரி மூச்சு விடாமல் அவரிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"திரும்ப எண்ணுங்க" என்றாள் இவள். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் பள்ளிக்கூட ஹால் முழுக்கக் கேட்டது.

எண்ணினார்கள். கணக்குக்காரி விரலால் காட்டிய கட்டைப் பிரித்தார்கள். மேலே இருந்த ஒரே ஒரு சீட்டுதான் பழைய உறுப்பினருடையது. அதற்குக் கீழே இருந்தது அத்தனையும் எங்களுடையது.

அப்போது எழுந்த கூச்சலில் ஜன்னல் கண்ணாடிகள் எப்படித் தப்பின என்பது தெரியவில்லை. டிப்போக்காரர்கள் சலூன்காரரைத் தூக்கிவிட்டார்கள். ஆள் மாறிவிட்டது என்று அவர் மேலேயிருந்து கத்தினார். கணக்குக்காரி என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், சிரித்துக்கொண்டே.

பழைய உறுப்பினர் முன் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவர் மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசலாம் என்று அதிகாரி மைக்கில் சொன்னார். ஐயோ, மேடையா! இவள் நின்ற இடத்திலேயே கல்லாய்ச் சமைந்துவிடுவாளே என்று பயந்துபோய், பிடித்துத் தள்ளுவதற்காக அவள் பக்கம் கையை நீட்டினேன்.

கைக்கு யாரும் அகப்படவில்லை. அவள் வெறுங்காலோடு மேடையில் நின்று, நடுங்குகிற குரலில், காலை முதல் பஸ் எப்போது திரும்ப வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.