கோலுக்குப் பின்னால் ஒரு கதிரை

கீர்த்தனன் எழும்பிப் பல் விளக்கினான். கேத்திலைப் போட்டான். இரண்டு கோப்பைகளில் தேயிலைப் பையைப் போட்டு வெந்நீர் ஊற்றினான். பாணை டோஸ்டரில் வைத்தான். கராஜுக்குப் போய், கயிற்றில் தொங்கிய மனைவியின் கால் காப்புகளையும் மார்புக் கவசத்தையும் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தன. நாற்றம் போகவில்லை. எல்லாவற்றையும் பெரிய பையில் அடைத்துக் காரில் ஏற்றினான். திரும்பி வந்தபோது மனைவி மிருணாளினி மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

சண்டை ஒன்றும் இல்லை. ஆட்டம் உள்ள நாளில் கோல் காப்பவரோடு யாரும் கதைக்கக் கூடாது. ஐஸ் ஹொக்கியில் அது எழுதாத சட்டம். கலியாணம் கட்டிய புதிதில் இது தெரியாமல் அவளிடம், "இரவு நல்லா நித்திரை கொண்டனீரோ?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு விழுந்த நாலு கோலுக்கும் கீர்த்தனன் பொறுப்பாளி ஆகியிருந்தான்.

இன்று இறுதி ஆட்டம். மெல்பேர்ன் பெண்கள் லீக்கின் கிண்ணம்.

மிருணாளினி பிறந்தது டொரன்டோவின் ஸ்காபுரோவில். அண்ணன்மார் கார் நிறுத்துமிடத்தில் பந்தடித்தபோது, கோலில் நிற்க ஆள் இல்லாமல் ஐந்து வயதுத் தங்கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அழுவாள் என்று நினைத்தார்கள். அவள் பந்தைப் பிடித்துவிட்டு, "அடுத்தது" என்றாளாம். அங்கிருந்து ஐஸ் அரங்கு, அமெரிக்காவில் பல்கலைக்கழகம், பிறகு சுவீடனின் வடக்கில் ஒரு சின்ன நகரத்தில் சம்பளத்துக்கு ஆட்டம். சம்பளம் வாடகையோடு முடிந்துவிடும். சாப்பாட்டுக்காகக் காலையில் பாடசாலை உணவகத்தில் கிழங்கு உரித்தாள். மூன்று முறை அவளுடைய அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. மூன்று முறையும் மற்ற அணிதான் கிண்ணத்தைத் தூக்கியது. முப்பத்தொரு வயதில் இடுப்பு மூட்டு கைவிட்டது. ஓய்வு பெற்றாள். ஊர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்தது.

ஒரு கலியாண வீட்டில் கீர்த்தனனைச் சந்தித்து, அவனைக் கட்டி, மெல்பேர்னின் கிரெய்கிபர்னுக்கு வந்து சேர்ந்தாள். உள்ளூர் அணியின் தலைவி டெஸ் எப்படியோ மோப்பம் பிடித்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒரு சீசன்தான்" என்று மிருணாளினி இறங்கினாள். "ஒரு கிண்ணம் தூக்க வேணும், கீர்த்தி. ஒருக்காத்தான். பாரம் எவ்வளவு எண்டு பாக்க வேணும்."

கீர்த்தனன் நில அளவையாளன். புதிதாக முளைக்கும் வீட்டுக் காணிகளுக்கு எல்லை போடுவது அவன் தொழில். ஹொக்கியில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பக் என்ற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை முழுதாகக் கோட்டைத் தாண்டினால் கோல். அந்த அறிவு போதும் என்று அவனை ஒரு வேலையில் மாட்டிவிட்டார்கள். இந்த லீக்கில் நடுவர்களுக்கு மட்டும்தான் காசு. மற்ற வேலைகளை இரண்டு அணிகளின் வீட்டுக்காரரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு கோலுக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே, ஒரு கதிரையில் கீர்த்தனன். மறுமுனைக் கதிரையில் எதிரணிப் பெண் ஒருத்தியின் தகப்பன். ஆளுக்கொரு பொத்தான். கோல் என்றால் அமத்த வேண்டும். மேலே சிவப்பு விளக்கு எரியும். மூன்று பகுதி ஆட்டம். ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும். கதிரைக்காரர் மாறுவதில்லை. ஆகவே முதலாம், மூன்றாம் பகுதிகளில் அவன் கண்ணெதிரே நிற்பது அவனுடைய மனைவி.

முதல் பகுதியிலேயே அரங்கு கொதித்தது. எதிரணி அலை அலையாக வந்தது. மிருணாளினி விழுந்தாள், எழும்பினாள், காலை விரித்தாள், பக்கைக் காற்றில் பறித்தாள். பக் கண்ணாடியில் அடித்தபோதெல்லாம் கீர்த்தனனின் பல் அதிர்ந்தது. பக்கத்துத் தெரு யோகா அன்ரி போர்வையும் ரோல்ஸ் பெட்டியுமாக அவனுக்குப் பின்வரிசையில் இருந்தார்.

"தம்பி, உந்தப் பூதம் மாதிரி நிக்கிறது எங்கட மிருவோ?"

"ஓம் அன்ரி."

"ஐயோ, எல்லாரும் சேந்து அவளுக்கெல்லோ அடிக்கினம்! உந்த விசில்காரன் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறான்?"

"அதுதான் அன்ரி விளையாட்டு."

"விசர் விளையாட்டு." ஒரு ரோல்ஸைக் கடித்தார். அடுத்த நிமிடம் எழும்பி நின்று கத்தினார்: "பிடி பிள்ளை! விடாதை!"

இரண்டாம் பகுதியில் டெஸ் அடித்த அடியில் எதிரணி வலை பொம்மென்று வீங்கியது. கீர்த்தனன் துள்ளி எழும்பிப் பொத்தானை அமத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டும் போட்டுவிட்டார்கள். நடுவர் கையை விரித்தார். பக் பட்டது வலையின் வெளிப்பக்கத்தில். அரங்கு முழுவதும் சிரித்தது. குளிரில் கை வழுக்கிவிட்டது என்று கீர்த்தனன் சைகை காட்டினான்.

கொஞ்ச நேரத்தில் டெஸ் உண்மையாகவே அடித்தாள். ஒன்றுக்குப் பூச்சியம். இந்த முறை நடுவர் கை காட்டும்வரை அவன் பொத்தானைத் தொடவில்லை.

பகுதி முடிந்ததும் மிருணாளினி நேராக அவனிடம் சறுக்கி வந்தாள். முகக்கூட்டைத் தூக்கினாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"நீர் காணி அளக்கிறனீர்தானே?"

"ஓம்."

"எத்தினை பேரின்ர வேலி பக்கத்து வளவுக்குள்ள நிக்குதோ!"

முகக்கூட்டை இறக்கிக்கொண்டு போய்விட்டாள். யோகா அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடம். எதிரணி தன் கோல்காரியையும் வெளியே எடுத்துவிட்டு இன்னொரு அடிகாரியை இறக்கியது. ஆறு பேர் மிருணாளினியைச் சுற்றி வளைத்தார்கள். வலப்பக்கம் ஒரு அடி; காலால் தடுத்தாள். திரும்பி வந்தது, மட்டையால் தள்ளினாள். பக் இடப்பக்கம் தாவியது. அங்கே ஒருத்தி காத்திருந்தாள். முழுக் கோலும் வெறுமை. மிருணாளினி முழு உடம்போடும் பின்பக்கமாகப் பாய்ந்து கையுறையை எறிந்தாள். பிடித்துவிட்டாள்!

கூரை பிய்ந்துவிடும்போல் கூச்சல்.

கீர்த்தனன் மட்டும் கூச்சலிடவில்லை. கையுறை போய் விழுந்த இடம் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. கையுறையின் வலைக்குள் கறுப்பு. அதற்கு அப்பால் ஐஸின் வெள்ளை, ஒரு விரல் அகலம். அதற்கும் அப்பால்தான் கோலின் சிவப்புக் கோடு. அவனுடைய பெருவிரல் ஏற்கெனவே அமத்திவிட்டது. விளக்கு எரிந்தது.

அரங்கு அடங்கியது. நடுவர் பார்க்கவில்லை, அவருக்கு முன்னால் இரண்டு பேர் விழுந்து கிடந்தார்கள். கண்ணாடி இடுக்கில் வாயை வைத்துச் சிரித்தபடி கேட்டார். "என்ன, திரும்பவும் கை வழுக்கிவிட்டதா?"

ஓம் என்றால் போதும். ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். இன்னும் ஒரு சில நொடிகள், பிறகு கிண்ணம். மிருணாளினி கையுறையை உயர்த்திப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோல்," என்றான் கீர்த்தனன்.

"டேய், உன்ர மனிசியடா அது!" யோகா அன்ரியின் குரல் மறுமுனை வரைக்கும் கேட்டது.

ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரத்திலும் யாரும் கோல் அடிக்கவில்லை. பிறகு ஒற்றைக்கு ஒற்றை, அணிக்கு ஐந்து அடி. ஒருத்தி நடுக்கோட்டிலிருந்து பக்கோடு தனியே வருவாள். கோல்காரி தனியே நிற்பாள். முதலாவதை மிருணாளினி மார்பில் வாங்கினாள். இரண்டாவதை மட்டையால். மூன்றாவது கம்பத்தில் மோதி மணிபோல் ஒலித்தது. யோகா அன்ரி முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு, "சொல்லு தம்பி, சொல்லு" என்று அவன் தோளை உலுக்கினார். நாலாவதைக் கையுறையில் பறித்து, வேண்டுமென்றே கீர்த்தனனின் பக்கம் திரும்பிக் காட்டினாள். மறுமுனையில் அவளுடைய அணியின் நாலு பேரும் கோல் அடிக்கவில்லை. ஐந்தாவது வந்தவள் இடமாகப் போவதுபோல் காட்டி வலமாக வெட்டி, கால்களுக்கு நடுவே தட்டிவிட்டாள். பக் மெதுவாகக் கோட்டைத் தாண்டியது. கீர்த்தனன் விளக்கைப் போட்டான். டெஸ் கடைசியாகப் போனாள். வெளியே அடித்தாள்.

நாலாவது இறுதி ஆட்டம். நாலாவது முறையும் மற்றவர்களுக்குக் கிண்ணம்.

கார் நெடுஞ்சாலைக்கு ஏறியதும் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அது உள்ளுக்குப் போகேல்லை."

"போனது."

"நீர் என்ன பாத்தனீர்?"

"வெள்ளை பாத்தனான்."

"ஐஸ் வெள்ளைதான், ஐசே!"

அதோடு தொடங்கியது வழக்கு. குசினியில் தோசைக்கல்லைக் கோலாகவும் சுருட்டிய காலுறையைப் பக்காகவும் வைத்து வாதாடினாள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எனக்கு ஒரு கிண்ணம் கிடைச்சது. இந்த மனிசன் பறிச்சுக் குடுத்திட்டார்" என்றாள். வந்தவர்கள் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவன் அசையவில்லை. அவளும் அசையவில்லை. இரண்டு பேரும் அப்படிச் சிரித்த காலம் வேறு இல்லை.

ஜனவரியில் கணையத்தில் கட்டி என்றார்கள். ஏப்ரலில் அவள் இல்லை.

வைத்தியசாலையிலும் வழக்கு நடந்தது. தாதியைக் கூப்பிட்டு, கட்டில் விளிம்பைக் கோடாக வைத்து விளக்கினாள். தாதியும் அவள் பக்கம்தான்.

செத்த வீட்டில் யோகா அன்ரி வந்தவர்களுக்குச் சொன்னார்: "பிள்ளை கடைசியா 'முருகா' எண்டுதான் சொன்னது." டெஸ், அணிக்கு அவள் கடைசியாக வாழ்த்துச் சொன்னாள் என்று பேசி அழுதாள். கீர்த்தனன் இரண்டையும் மறுக்கவில்லை.

அவள் போன அந்தப் பின்னேரம் வைத்தியசாலை அறையில் அவளோடு இருந்தது அவன் மட்டும். தலையணையைச் சரிசெய்தான். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று முதல் தடவையாக விட்டுக்கொடுத்தான்.

"மிரு, நான் பிழையாப் பாத்திட்டன். அது உள்ளுக்குப் போகேல்லை."

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"உமக்குப் பொய் சொல்லவும் தெரியாது. அது கோல்."