பத்தாம் மாடிக்கு ஏறிய மாடு

பால் காய்ச்ச வந்திருந்தவர்கள்: வீடு வாங்கிய பானுப்ரியா, அவள் அம்மா மூக்காயி, கட்டடத்தின் சொந்தக்காரர் மலைச்சாமி, அதை வரைந்து கட்டிய ஆர்க்கிடெக்ட் பிராங்க்ளின், கயிறு பிடித்த வாட்ச்மேனாகிய நான், ஒரு மாடு.

பிராங்க்ளின் இருபது வருடமாகத் திண்டுக்கல்லில் காம்பவுண்டு சுவரும் கல்யாண மண்டப முகப்பும் வரைந்தவர். பத்து மாடி என்பது அவர் வெறி. சாணார்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மலைச்சாமியைப் பேசிக் கரைத்து ஒன்றைக் கட்டியும்விட்டார். கீழ் வீடுகள் விற்றன. மேலே ஏற ஆளில்லை. பத்தாம் மாடியில் ஒரு குடும்பமாவது குடியேறினால்தான் தாடிக்கொம்பு ரோட்டில் இரண்டாவது கட்டடம், இல்லாவிட்டால் பழையபடி காம்பவுண்டு சுவர்தான் என்று மலைச்சாமி சொல்லியிருந்தார்.

பானுப்ரியா துணிந்து வாங்கினாள். புது வீட்டுக்குள் முதலில் மாடுதான் நுழைய வேண்டும் என்றாள் மூக்காயி. பிராங்க்ளின் பெருமையோடு லிப்டைத் திறந்தார். மாட்டின் முன்பாதி உள்ளே போனது. பின்பாதிக்கு இடமில்லை. படியில் ஏற்றினோம். நான் இழுத்தேன், அவர் தள்ளினார். மாடு ஹாலுக்குள் நுழைந்ததும் சாணி போட்டது. நல்ல சகுனம் என்று மூக்காயி கும்பிட்டாள். பாலும் பொங்கியது.

திரும்ப இறக்கப் போனோம். மாடு படியை எட்டிப் பார்த்தது, ஹாலுக்கு வந்து படுத்துக்கொண்டது. மாடு படி ஏறும், இறங்காது. எங்களில் யாருக்கும் இது தெரியாது. எல்லார் வீட்டுத் தொழுவமும் தரையில்தான் இருந்தது.

வெல்லம் காட்டினோம். வாலைத் திருகினோம். அசையவில்லை. மூக்காயி முகம் மாறியது.

"மாடே இறங்கப் பயப்படுது. நான் எப்படித் தாயி இங்கன இருப்பேன்?"

பானுப்ரியா சாவியை மலைச்சாமியிடம் நீட்டிவிட்டாள். பிராங்க்ளின் குறுக்கே புகுந்தார்.

"பயமில்லம்மா," என்றார். "இம்புட்டுக் காத்து அதுக்கு எங்க கெடச்சிருக்கு? போக மனசில்ல."

மூக்காயி மாட்டைப் பார்த்தாள். அது பால்கனிப் பக்கம் முகத்தை வைத்து, கண்ணை மூடி அசைபோட்டது. கொடுத்து வைத்த மாடு என்றாள். சாவியை அவளே வாங்கிக்கொண்டாள்.

மலைச்சாமி அய்யலூர்ச் சந்தைக்குப் போன் போட்டார். ஆடு, மாடு ஏற்றி இறக்கும் ஆட்கள் சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள். அதுவரை மாட்டோடு யார் இருப்பது என்ற பேச்சு வந்தது. மலைச்சாமி பிராங்க்ளினைப் பார்த்தார்.

"கட்டுனது நீங்கதான தம்பி, நீங்களே இருங்க. சும்மா இருக்காம தாடிக்கொம்பு ரோட்டுக் கட்டடத்த வரைங்க. மாடு இறங்குற மாதிரி."

பிராங்க்ளின் என்னிடம் பேப்பர் கேட்டார். பால் காய்ச்ச வாங்கிய சாமான் இருந்த அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனார். மாடு வெளியே வந்து காலை உடைத்துக்கொள்ளும் என்று மூக்காயி கதவைச் சாத்தி வெளியே பூட்டினாள்.