கிளெனிஸ் எழுதாத கடிதங்கள்

குவீன்ஸ்டவுன் நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பையைத் திறந்து மதியத்துக்கு வைத்திருந்த இறைச்சிப் பஃப்ஸை எடுத்த நேரம், என் தோழி கிளெனிஸ் ராட்ரே சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள்.

"ஃபே, ராஸ் போன் பண்ணினான்டி."

ராஸ் அவள் தம்பி. நாட்டின் மறுகோடியில், கால்கூர்லியில் சுரங்க வேலை. அப்பாவின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை என்று தொடங்கிய சண்டை. ஒன்பது வருடங்களாக இருவருக்கும் பேச்சே கிடையாது.

"நல்லதுதானே? அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"மெயில்ல வந்த என் கடிதத்தைப் படிச்சுட்டு அழுதானாம். அந்தக் கல்லுளிமங்கன் அழுதானாம்! வெள்ளிக்கிழமை கிளம்பி வர்றானாம்." குரலைத் தாழ்த்தினாள். "நான் எந்தக் கடிதமும் எழுதலடி."

அதில் இருந்ததை அவன் போனிலேயே வாசித்துக் காட்டியிருக்கிறான். அப்பா கடைசி வாரம் முழுக்க உன் பேரைத்தான் சொன்னார், கோபத்தில் அதை உன்னிடம் மறைத்துவிட்டேன், மன்னித்துவிடு.

"பொய்யா?"

"நிஜம். அதுதான்டி பயமா இருக்கு. இதை அத்தை ஒருத்திக்குத்தான் மெயில்ல எழுதினேன். எட்டு வருஷம் ஆச்சு. அத்தையும் போய்ச் சேர்ந்துட்டா."

என் கணினியில் அவளுடைய மின்னஞ்சல் கணக்கைத் திறந்தோம். அனுப்பியவற்றில் ராஸின் பெயரே இல்லை. அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். அங்கே யாரோ ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள்: ராஸிடமிருந்து எது வந்தாலும் 'பழைய ரசீதுகள்' என்ற கோப்புறைக்குள் போய்விட வேண்டும், ஒரு நகல் தெரியாத முகவரி ஒன்றுக்கும் போக வேண்டும். அந்தக் கோப்புறையைத் திறந்தேன். ராஸின் பதினோரு கடிதங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அவன் எதற்குப் பதில் சொல்கிறானோ அந்த வாசகம்.

ஆறு வாரங்களாக அவன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அக்கா அவன் முழங்கால் வலியை விசாரித்திருந்தாள். அவனுடைய நாயைக் கிண்டல் செய்திருந்தாள். சின்ன வயதில் அவன் கூப்பிடுவது போல 'க்ளென்' என்று கையெழுத்திட்டிருந்தாள்.

"என்னை மாதிரியே எழுதுது," என்றாள் கிளெனிஸ். "என்னைவிட நல்லா எழுதுது."

மே மாதத்தில், 'உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது' என்று வந்த ஒரு செய்தியைத் தட்டி, அங்கே கடவுச்சொல்லைக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டாள். அதை வைத்து நுழைந்தவர்கள் அவளுடைய பழைய மெயில்களையெல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலுக்குப் படிக்கக் கொடுத்து, அவளைப் போலவே எழுத வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் வரைவுகளுக்குப் பக்கத்தில் '1' என்ற எண்ணைப் பார்த்தேன்.

*ராஸ், இப்போது வராதே.*

அவ்வளவுதான் இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன்.

*ராஸ், இப்போது வராதே. இங்கே விடாத மழை. உன் போனுக்கு ஆறு எண்கள் வரும், அதை எனக்கு*

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிளெனிஸ் என் தோளை இறுகப் பிடித்தாள். "எழுதிட்டிருக்குடி. இப்போ, இந்த நிமிஷம்."

கடவுச்சொல்லை மாற்றினேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்பதை அழுத்தினேன். அந்த விதியை அழித்தேன். இனி யார் நுழைந்தாலும் கிளெனிஸின் போன் சம்மதிக்க வேண்டும் என்று அமைத்தேன். பிறகு மறுபடி புதுப்பித்தேன். வரைவு 'எனக்கு' என்ற சொல்லோடு நின்றிருந்தது. மூன்று முறை பார்த்தோம். வளரவில்லை.

கிளெனிஸ் அங்கேயே நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், போனுக்கு பேங்க்ல இருந்து நம்பர் ஏதாவது வந்தா யாருக்கும் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே."

"நேத்தே ஒண்ணு வந்துச்சு. நீ கேட்டே, நேர்ல வந்து சொல்றேன்னு விட்டுட்டேன். ஏன்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தக் கடிதம் எதுவும் நான் எழுதலடா."

மறுமுனையில் ராஸ் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ அப்பா என்னைக் கூப்பிட்டது?"

"அது நிஜம். மறைச்சதும் நிஜம். மன்னிச்சுக்கடா. இதை நான்தான் சொல்றேன்."

ராஸ் வெள்ளிக்கிழமை வந்தான். நான்கு நாள் இருந்தான். நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் சாப்பிடும்போது, "நீதானே எழுதியிருந்தே..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவானாம். இருவரும் தட்டைப் பார்ப்பார்களாம்.

இப்போதும் அவனிடமிருந்து கடிதம் வந்தால், கிளெனிஸ் முதலில் போன் செய்து அவன் குரலைக் கேட்ட பிறகுதான் அதைத் திறக்கிறாள்.