சண்டை வந்தால் யார் வெளியே போவது

சித்திரை வெயிலில் கிண்ணியாவில் நாய்கூட நிழலை விட்டு நகராது. அந்த வெயிலில் றிஷானா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால், நுவரெலியாவிலிருந்து சொல்லி எடுப்பித்த குளிர்க்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றாள். முதுகில் வியர்வை ஓடியது. உம்மா நபீஸா பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

"கை நீளம் காணுமா?"

"காணும் உம்மா. மூச்சுத்தான் முட்டுது."

"அங்க போனா முட்டாது" என்றார் உம்மா, தினமும் போய் வருகிறவர் போல. கொழும்பைத் தாண்டி எந்த ஊரும் அறியாத மனுஷி அவர்.

றிஷானாவின் புருசன் முனீப் நாலு வருசமாகக் கனடாவின் வடக்கு முனையில் இருக்கிறான். அந்த ஊருக்குத் தரைவழிப் பாதை கிடையாது. விமானம் வந்தால்தான் அரிசியும் வரும், ஆளும் வரும். அங்கே ஒரு கடையின் களஞ்சியத்தில் இரவு வேலை. மாரிக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் சூரியன் எட்டியே பார்க்காதாம். "அப்ப பொழுதுபடுற மஃரிப் எப்ப தொழுற?" என்று உம்மா கேட்டதற்கு, தெற்கிலே உள்ள பட்டணத்து நேரத்தைப் பார்த்துத் தொழுவதாகச் சொன்னான். நேரத்தையுமா இரவல் வாங்குகிறார்கள் என்று உம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை. இப்போது றிஷானாவுக்கு விசா வந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லை, தடுத்து வைக்க ஒன்றும் இல்லை என்று ஊரே சொன்னது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது, வீட்டுக் கதை வரும்வரை.

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். றிஷானாவின் வாப்பா ஸைனுலாப்தீன் கடலில் உழைத்த உழைப்பெல்லாம், உம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவில், இந்த நாலு சுவராக நிற்கிறது. மூத்தவள் றிஷானாவின் நிக்காஹோடு வீட்டு உறுதிப் பத்திரத்தை அவள் பேருக்கு எழுதிவிட்டு, அவரும் உம்மாவும் பின்வளவில் ஒரு சின்ன அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். இரண்டாவது வீடு கட்ட வாப்பாவுக்கு ஆயுள் போதவில்லை. இப்போது தங்கச்சி பஹ்மியாவுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. வீடு பெண்ணின் பேரில் இருந்தால்தான் நிக்காஹ் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். மூத்தவள் போகிறாள், வீடு சும்மா கிடக்கப்போகிறது. இதிலே யாரைக் குற்றம் சொல்வது? யாரும் றிஷானாவிடம் கேட்கக்கூட இல்லை. "தங்கச்சிக்கு எழுதிருவம்" என்று அவளேதான் வாயைத் திறந்து சொன்னாள். பஹ்மியா கட்டிப்பிடித்து அழுதாள். அதற்குப் பிறகு றிஷானாவுக்கு ஒழுங்கான உறக்கம் இல்லை.

முனீப் கெட்டவன் அல்ல. முன்கோபக்காரன், அவ்வளவுதான். கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் கறியில் உப்புக் கூடியதற்குச் சோத்துக் கோப்பையைத் தூக்கி எறிந்தான். றிஷானா அவனுடைய சாரனை மடித்துப் பையில் வைத்து வாசலில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு மூதூருக்கு, தாய் வீட்டுக்குப் போனவன், கோபம் ஆறியதும் ஒரு பழக்குலையோடு திரும்பி வந்தான். இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சண்டை என்றால் ஆம்பிளை வெளியே போவான், பிறகு அசடு வழிய வருவான். யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

உறுதி எழுதும் நாளன்று தாயும் மகள்மார் இருவரும் ஓட்டோவில் பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது துறைமுகப் பக்கம் மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த ஒரு கப்பல் அசையாமல் நின்றது. கரையோரத்துக் காற்று முகத்தில் அடித்தது. றிஷானா நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"உம்மா, அங்க அவரோட சண்டை வந்தா யார் வெளிய போற?"

"இதென்ன கேள்வி? புருசனோட ஏன் சண்டை பிடிக்கோணும்?"

"நீங்க வாப்பாவோட பிடிக்கல்லயா?"

"அது என்ட வீடு, மக."

பஹ்மியா வெளியே தண்ணீரைப் பார்த்தாள். பாலம் முடிந்து, சீனன்குடாவும் கழிந்தது. ஓரிடத்தில் உம்மாவின் கை வந்து றிஷானாவின் கையைப் பிடித்தது. வேண்டாம், திரும்புவோம் என்று அந்தக் கை சொல்லாதா என்று அவள் ஏங்கினாள். அது சும்மா பிடித்துக்கொண்டிருந்தது.

உறுதி எழுதும் நொத்தாரிஸ் நல்ல மனுஷன், எல்லோருக்கும் சோடா எடுப்பித்துக் கொடுத்தார். "விருப்பத்தோடதானே எழுதுறீங்க?" என்று முறைக்குக் கேட்டார். பஹ்மியா தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகினாள். வாப்பா இறந்த அன்றும் அவள் அப்படித்தான் இருந்தாள். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? "ஓம்" என்றாள் றிஷானா. ஒப்பம் வைத்துவிட்டுப் பேனையைத் தங்கச்சியிடம் நீட்டினாள்.

வீடு திரும்பி, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இருக்கையில் முனீப் வீடியோவில் வந்தான். அவனுக்கு அங்கே விடியற்காலை, வேலை முடிந்து அப்போதுதான் அறைக்கு வந்திருந்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"எழுதிக் குடுத்திட்டாயா? நல்ல வேலை செஞ்சாய். பஹ்மியா சந்தோசமா இருக்கட்டும். இனி உனக்கு அங்க என்ன வேலை? இஞ்ச வாறதுதானே."

"வீட்டைக் காட்டுங்களன்" என்றாள் அவள்.

காட்டினான். கம்பனி கொடுத்த ஒரு அறை, ஒரு குசினி. அவளுக்கென்று வாங்கிய புதுப் போர்வை, மிளகாய்த்தூள் போட ஒரு போத்தல், சுவரில் தொழும் திசை கிப்லாவுக்கு ஒட்டிய அம்புக்குறி. ஆசை ஆசையாகத்தான் செய்திருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து வெளியே பிடித்தான். வெள்ளை. ஒரு மரம் இல்லை, மதில் இல்லை, எதிர்வீடு இல்லை. காற்று இரைந்தது. கதவை உடனே சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

"சித்திரையிலயே இப்பிடி. மாரியில வழி தவறினா ஆள் முடிஞ்சான்."

"எனக்குக் கால்ல போட என்ன வாங்கணும்? இங்க விக்கிறது அந்தப் பனிக்குச் சரிவருமா?"

"ஒண்டும் வாங்காத. நீ ஏன் வெளிய போகப்போறாய்? சாமான் சட்டெல்லாம் நான்தானே கொண்டு வாறன். நீ சூடா உள்ள இரு, ராணி மாதிரி."

அன்போடுதான் சொன்னான். சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தபோது, கைத்தொலைபேசியைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். அங்கே கால்மிதியில் அவன் அளவுக்கு ஒரே ஒரு சோடிச் சப்பாத்து, முழங்கால்வரை உயரமானது. அதில் ஒட்டியிருந்த பனி கரைந்து, தண்ணீர் நிலத்தில் மெல்ல மெல்லப் பரந்து வந்துகொண்டிருந்தது. றிஷானா அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.